மூன்று அணுக்களும் ஒருசேரக் குறைந்தால்: அப்ளாஸ்டிக் அனீமியாவின் காரணத்தைத் தேடும் முறை

பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நுண்ணோக்கியின் முன் அமர்ந்து வேலை பார்த்தவன் நான். ஹீமோகுளோபின், வெள்ளை அணு, தட்டணு ஆகிய மூன்றும் ஒருசேரச் சரிந்திருக்கும் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் அப்பாவோ அண்ணனோ கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருக்கும்: "இது எதனால சார் வருது?" அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில் நான் இருந்ததில்லை, அது ரத்தநோய் மருத்துவரின் வேலை. ஆனால் மருத்துவர் விடையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் வீட்டார் கொண்டுவர வேண்டிய தகவல்கள் நிறைய உண்டு என்பதும், அவை கைவசம் இல்லாததால் வாரக்கணக்கில் நாட்கள் வீணாகின்றன என்பதும் எனக்குத் தெரியும். எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடும் அப்ளாஸ்டிக் அனீமியா என்ற அரிய நோயில் காரணத்தை எந்த வரிசையில் தேடுவது, எந்த விடை சிகிச்சையை மாற்றும், எந்த விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் ஆண்டுதோறும் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு இந்நோய் வருகிறது. கிழக்கு ஆசிய நாடுகளில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள் உள்ளவர்களையும், அறுபதைக் கடந்தவர்களையும் இது அதிகம் பிடிக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் 1888-இல் ஓர் இளம் கர்ப்பிணியின் மரணத்தை ஆராய்ந்தபோது, சிவந்திருக்க வேண்டிய மஜ்ஜை கொழுப்பாகக் கிடந்ததைக் கண்டு எழுதியதே இந்நோயைப் பற்றிய முதல் பதிவு.

நோயின் அறிகுறிகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைப் புரிந்துகொள்ள அணுக்களின் ஆயுளைத் தெரிந்துகொண்டால் போதும். சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்கிறது; தட்டணு, அதாவது பிளேட்லெட், ஏழு முதல் பத்து நாட்கள்; நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணு ரத்த ஓட்டத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. ஆகவே மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்தால் வெள்ளை அணுவும் தட்டணுவும் முதலில் தீர்ந்துவிடுகின்றன, சோகை மெல்ல மெல்லக் கூடுகிறது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், முழங்காலுக்குக் கீழே கொசுக்கடி போன்ற சிவப்புப் புள்ளிகள், அடிபடாமலே தோன்றும் நீலத் திட்டுகள், நிற்காத மாதவிடாய் ஆகியவற்றோடு நோயாளி வருவதும், "முகம் வெளுத்துப் போச்சு" என்ற பேச்சு பிறகு எழுவதும் இதனால்தான். கொசுக்கடிப் புள்ளியை விரலால் அழுத்தினால் நிறம் மங்கும். தோலுக்கடியில் கசிந்த ரத்தப் புள்ளி மங்காது.

முதலில் எண்ணிக்கை உண்மைதானா என்று பாருங்கள்

காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் குறைவு உண்மையானதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். என் கையாலேயே நடந்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நர்சிங் ஹோமில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்த கையிலேயே, ஊசிக்கு மேற்புறத்தில் குத்தி ரத்தம் எடுத்துவிட்டேன். மூன்று அணுக்களும் பாதாளத்துக்குப் போயிருந்தன. வீட்டில் அழுகை கிளம்பிவிட்டது. அதே ரத்தத்தில் சர்க்கரை அளவு எண்ணூறைத் தாண்டியிருந்ததை மூத்த டெக்னீஷியன் கவனித்த பிறகுதான், நான் எடுத்ததில் பாதி ரத்தம், பாதி குளுகோஸ் என்பது தெரிந்தது. மறு கையில் எடுத்தபோது எல்லாம் சரியாக இருந்தது. தட்டணு மட்டும் குறைந்திருந்தால் வேறொரு பொய்த்தோற்றமும் உண்டு: ஊதா மூடிக் குழாயில் உள்ள எடிடிஏ என்ற உறையாமருந்து சிலருடைய தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கும், இயந்திரம் அந்தக் கொத்துகளை எண்ணாது. எனவே முதல் ரிப்போர்ட்டைக் கண்டு கலங்காமல், புதிதாக எடுத்த ரத்தத்தில் சிபிசி எனும் முழு அணு எண்ணிக்கையைத் திரும்பச் செய்வதோடு, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசிக் கண்ணால் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனையையும், ரெட்டிக்குலோசைட் எனும் பிஞ்சுச் சிவப்பணுக்களின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பிஞ்சு அணுக்களின் எண்ணிக்கையைச் சாதாரணமாக யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தமே உண்டு. நீலச் சாயத்தில் நனைத்த ரத்தத்தைத் தகட்டில் இழுத்துப் பார்த்தால், மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த அணுவுக்குள் மட்டும் நீல நூல் சிக்கல் போலத் தெரியும். ரத்தம் எங்கோ அழிவதால் சோகை வந்திருந்தால் இத்தகைய அணுக்கள் கூட்டமாக இருக்கும். மஜ்ஜை நின்றுபோனதால் சோகை வந்திருந்தால் ஒரு தகடு முழுவதும் தேடினாலும் ஒன்றிரண்டுதான் தென்படும். செலவு குறைந்த ஒரு பரிசோதனை, தேடுதல் செல்ல வேண்டிய திசையையே சொல்லிவிடுகிறது.

இந்நோயைப் போலவே தோன்றும் எளிய நோய்கள்

மூன்று அணுக்களும் குறைந்துவிட்டாலே அப்ளாஸ்டிக் அனீமியா என்று முடிவு கட்டக் கூடாது. நம் நாட்டில் இப்படி மூன்றும் குறைவதற்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருப்பது பி12 அல்லது ஃபோலேட் சத்துக் குறைவே; அது ஊசியிலும் மாத்திரையிலும் சரியாகிவிடக் கூடியது. சுத்த சைவம் சாப்பிடும் சவுகார்பேட்டைக் குடும்பங்களிலும், சாப்பாட்டைச் சரியாகக் கவனிக்காத குடிப்பழக்கம் உள்ளவர்களிடமும், வயிற்றெரிச்சல் மாத்திரையையும் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினையும் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். ஸ்மியரில் சிவப்பணுக்கள் பெருத்து, நீள்வட்டமாக இருக்கும். நியூட்ரோஃபிலின் உட்கரு ஐந்து ஆறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். பி12 அளவைப் பார்ப்பதற்கு முன்பே யாராவது பி12 ஊசி போட்டுவிட்டால் பிறகு அளந்து பயனில்லை என்பதால், ரத்தம் எடுத்த பிறகே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

டெங்கு, டைபாய்டு, காசநோய், எச்ஐவி, லூபஸ், கல்லீரல் நோயால் மண்ணீரல் வீங்குதல், ரத்தப் புற்றுநோய் ஆகியவையும் அணுக்களைக் குறைக்கும். மழைக்காலம் முடிந்து வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் காய்ச்சல் பரவும்போது தட்டணு குறைந்தவர்களெல்லாம் டெங்கு என்றே எண்ணப்படுகிறார்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட சில நாட்களில் தட்டணு தானாக ஏறிவிடும். இரண்டு வாரமாகியும் ஏறவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. வயிற்றில் கைவைத்துப் பார்க்கும்போது மண்ணீரலோ, கழுத்திலும் அக்குளிலும் நெறிக்கட்டிகளோ வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் அப்ளாஸ்டிக் அனீமியா அன்று. மருத்துவர் வேறு பக்கம் தேடத் தொடங்குவார்.

இந்த இடத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் ஊற வேண்டும் என்று காசிமேட்டு வீடுகளில் ஆட்டுச் சுவரொட்டியையும் ஈரலையும் வாங்கி வதக்கிக் கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, பீட்ரூட். இரும்புச்சத்து குறைந்த சோகைக்கு அவை நல்ல உணவுதான். ஆனால் இந்நோயில் இரும்பு குறையவில்லை. இரும்பை வாங்கி அணுவாக்கும் பட்டறை மூடிக் கிடக்கிறது. அதோடு, ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் சிவப்பணுவிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்பில் சேர்கிறது. உடம்புக்கு அதை வெளியேற்றும் வழி இல்லை. எனவே இரும்பு டானிக்கை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

மஜ்ஜைப் பரிசோதனை

நோயை உறுதிசெய்வது மஜ்ஜைப் பரிசோதனை மட்டுமே. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பின் பின்புறத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியை எலும்புக்குள் திருகிச் செலுத்துவார்கள். முதுகுத்தண்டில் ஊசி போடுவதாக எண்ணி அஞ்சுகிறவர்கள் பலர். இது முதுகுத்தண்டுக்குத் தொடர்பில்லாத இடம். முதலில் சிரிஞ்சில் மஜ்ஜை நீரை உறிஞ்சுவார்கள். அந்த நொடியில் மட்டும் உள்ளிருந்து எதையோ பிடுங்குவது போன்ற வலி தோன்றும். பின்னர் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு, அகர்பத்திக் குச்சி அளவு தடிமனில் எலும்புத் துண்டு ஒன்றை எடுப்பார்கள். உறிஞ்சிய நீரில் ரத்தம் கலந்து ஏமாற்றும் என்பதால், இரண்டாவதாக எடுக்கும் துண்டு இந்நோயில் கட்டாயம் தேவை. உறிஞ்சியதை நான் தகட்டில் விட்டுச் சாய்த்தால், ஆரோக்கியமான மஜ்ஜையில் மணல் போன்ற துகள்கள் தங்கும். இந்நோயாளிகளுடையதில் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் போலக் கொழுப்பு மட்டும் பளபளக்கும். முப்பது ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவே அப்படிப் பார்த்திருக்கிறேன், ஒன்றையும் மறக்கவில்லை.

நோயின் கடுமையை இந்தத் துண்டும் ரத்த எண்ணிக்கையும் சேர்ந்து சொல்கின்றன. மஜ்ஜையில் இருக்க வேண்டிய அணுக்கள் கால் பங்குக்கும் கீழே போயிருக்க, நியூட்ரோஃபில் 500-க்குக் கீழ், தட்டணு 20,000-க்குக் கீழ், பிஞ்சுச் சிவப்பணுவும் மிகக் குறைவு என்ற மூன்றில் இரண்டு இருந்தால் அது கடுமையான வகை. நியூட்ரோஃபில் 200-க்கும் கீழே இறங்கினால் மிகக் கடுமையான வகை. அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு.

காரணங்கள்: பெரும்பான்மைக்கு ஒன்று, மீதிக்குப் பல

நோய் உறுதியான பிறகே காரணத்துக்கான தேடல் தொடங்குகிறது. முதலில் மனத்தில் பதிய வேண்டியது இது: பெரும்பாலான நோயாளிகளுக்கு வெளியிலிருந்து வந்த காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. கிருமிகளைத் தாக்க வேண்டிய டி-அணுக்கள் எனும் வெள்ளை அணுக்கள் சொந்த மஜ்ஜையின் மூல அணுக்களையே பகையென்று கருதி அழிக்கின்றன. பிரான்சின் ஜார்ஜ் மாத்தே 1970-ஆம் ஆண்டை ஒட்டி, வேறொருவரின் மஜ்ஜையை ஏற்றுவதற்கு முன்னேற்பாடாக எதிர்ப்பு அணுக்களை அடக்கும் சீரத்தைக் கொடுத்தபோது, ஏற்றிய மஜ்ஜை ஒட்டாமல் போயும் நோயாளியின் சொந்த மஜ்ஜையே உயிர்த்தெழுந்ததைக் கவனித்தார். எதிர்ப்பு சக்தியே குற்றவாளி என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. இன்றும் குதிரையின் சீரத்திலிருந்து எடுக்கும் ஏடிஜி மருந்தும் சைக்ளோஸ்போரினும் தரப்படுவது அதனால்தான். ஆகவே ஒரு தாய் தன் சமையலையோ, மகளுக்கு வாங்கித் தந்த ஹேர்டையையோ நினைத்துத் தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

அடுத்து மருந்துகள். நோய் வெளிப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம் பின்னோக்கிச் சென்று, வாயில் போட்டது, ஊசியாகப் போட்டது, தடவியது, கண்ணில் விட்டது ஆகிய எல்லாவற்றையும் தேதியுடன் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் பாதி விடுபட்டுவிடும். மாத்திரை டப்பாவை அப்படியே தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையின் பின்புறத்திலும் உள்ள மூலப்பெயரைப் படித்து எழுத வேண்டும். ஒரு காலத்தில் டைபாய்டுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட குளோராம்ஃபெனிகால், சில பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு, அளவுக்குத் தொடர்பில்லாமல், மருந்தை நிறுத்தி வாரங்கள் கழிந்த பின்னும் மஜ்ஜையை அழித்திருக்கிறது. வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டாயின், சல்ஃபா மருந்துகள், மூட்டு வாதத்துக்கான தங்க உப்பு ஊசி, சிலவகை வலி நிவாரணிகள் ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. தைராய்டுக்கான கார்பிமசோல் பெரும்பாலும் வெள்ளை அணுவை மட்டும் இறக்கும். பெயரில்லாத பொட்டலமாக வந்த பஸ்பமும் செந்தூரமும் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதால் நட்டம் உங்களுக்கே.

தனியாகச் சொல்ல வேண்டிய மருந்து மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கும் சோரியாசிசுக்கும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய இந்த மாத்திரையை, மற்ற மாத்திரைகளைப் போலவே தினமும் விழுங்கிவிட்டு வாய் முழுவதும் புண்ணோடு வருகிறவர்கள் உண்டு. சீட்டில் எழுதியதை மருந்துக்கடைப் பையன் வேறு விதமாகச் சொல்லியிருப்பான், அல்லது பாட்டி தானே குழம்பியிருப்பார். இது அப்ளாஸ்டிக் அனீமியா அன்று, மருந்தின் நேரடி விஷம். ஃபோலினிக் அமிலம் என்ற மாற்று மருந்து இதற்கு இருக்கிறது என்பதால் உடனே சொல்லியாக வேண்டும். அசாத்தியோபிரினும் அதுபோலவே; யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினாலுடன் சேர்ந்தால் அதன் விஷத்தன்மை பன்மடங்காகிறது.

மூன்றாவதாகத் தொழில். வடசென்னையில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வருகிறவர்கள் "கம்பெனிக் காத்துதான் சார்" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அந்தக் காற்றைப் பற்றிய அவர்களுடைய மனக்குறையை நான் மறுக்கவில்லை. அதே காற்றைத்தான் நானும் சுவாசிக்கிறேன். ஆனால் மஜ்ஜையைப் பொறுத்தவரை ஐயமின்றி நிறுவப்பட்டது, பென்சீன் என்ற கரைப்பானை வேலை செய்யும் இடத்தில் மிகுதியாகவும் நீண்ட காலமும் சுவாசித்தவர்களின் பாதிப்பே. சுவீடனில் சைக்கிள் டயர் செய்யும் ஆலையில் வேலை பார்த்த இளம் பெண்கள் ரத்தக் கசிவால் இறந்ததை 1897-இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்; ரப்பரைக் கரைக்க அங்கே பென்சீன் பயன்பட்டது. சுவாசித்த பென்சீனைக் கல்லீரல் வேறு பொருட்களாக மாற்றுகிறது. அப்பொருட்கள் மஜ்ஜையில் தேங்கி மூல அணுக்களைச் சிதைக்கின்றன.

எனவே மருத்துவரிடம் ஊரின் பெயரைச் சொல்வதைக் காட்டிலும் வேலையின் விவரத்தைச் சொல்வது பயன் தரும். டிங்கரிங் பட்டறையில் ஸ்பிரே பெயின்ட் அடித்தீர்களா, எந்தத் தின்னர், மாதத்துக்கு எத்தனை டின். செருப்போ பையோ ஒட்டும் வேலையில் சொல்யூஷன் டப்பாவைத் திறந்துவைத்து எத்தனை மணி நேரம் அமர்ந்தீர்கள். அறையில் ஜன்னல் உண்டா. மெக்கானிக் என்றால் எஞ்சின் பாகங்களையும் கையையும் பெட்ரோலில் கழுவுவது வழக்கமா. நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் முழங்கை வரை அதில் நனைப்பதும், வாயால் ஒயரை உறிஞ்சி டேங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பதும் தவிர்க்க வேண்டியவை. தொழில் காரணம் உறுதியானால் அதற்குச் சட்டப் பயனும் உண்டு: பென்சீனால் வரும் நோய் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவும், 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்சார் நோயாகவும் பட்டியலிடப்பட்டிருந்தது; 2025 நவம்பரில் அச்சட்டங்களின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. இஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம்.

கதிர்வீச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் ரேடியத்தைக் கையாண்ட மேரி கியூரி 1934-இல் இந்நோயால்தான் இறந்தார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்ததாலும் சிடி ஸ்கேன் எடுத்ததாலும் மஜ்ஜை அழிவதில்லை.

மஞ்சள் காமாலை பலருக்கும் நினைவில் நிற்காத காரணம். கீழாநெல்லியை அரைத்துக் குடித்து, பத்தியம் இருந்து, கண் வெளுத்துவிட்டால் அந்த அத்தியாயம் முடிந்ததாக வீட்டில் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் காமாலை வந்து இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, மஜ்ஜை நின்றுபோகும் ஒரு வகை உண்டு. ஏ, பி, சி என்ற அறிந்த கல்லீரல் வைரஸ்கள் எவையும் அவர்களில் பெரும்பாலானவர்களிடம் காணப்படுவதில்லை. இதுவும் எதிர்ப்பு சக்தியின் தாக்குதலே. ஆகவே காமாலை வந்த தேதியும் அப்போது எடுத்த கல்லீரல் பரிசோதனைத் தாளும் முக்கியமானவை. கர்ப்ப காலத்தில் இந்நோய் வருவதும் அரிதாக உண்டு. சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் தானாகவே குறைகிறது.

குடும்ப மரத்தை வரையுங்கள்

வாரிசாக வரும் வகையைத் தவறவிடுவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. சிகிச்சையை அது அடியோடு மாற்றிவிடும். சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி 1927-இல் மூன்று சகோதரர்களிடம் கண்ட நோய் அவர் பெயராலேயே ஃபான்கோனி அனீமியா எனப்படுகிறது. தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் வழக்கத்தில் இந்த வாய்ப்பு கூடுகிறது. கட்டை விரல் சிறுத்திருத்தல் அல்லது இரட்டையாக இருத்தல், வயதுக்கேற்ற உயரமின்மை, காப்பி நிறத் தோல் திட்டு, ஒற்றைச் சிறுநீரகம் ஆகியவை அடையாளங்கள். ஓர் அடையாளமும் இல்லாமல் முப்பது வயதைக் கடந்தும் சிலரிடம் இந்நோய் வெளிப்படுவதால், இளம் வயது நோயாளிகள் அனைவருக்கும் குரோமோசோம் முறிவுப் பரிசோதனை செய்வதே முறை. ரத்த அணுக்களை மைட்டோமைசின் போன்ற வேதிப்பொருளில் வளர்த்தால், ஃபான்கோனி உள்ளவரின் குரோமோசோம்கள் நூல் நூலாக முறிந்துபோகும். இவர்களுக்கு ஏடிஜி பயன் தராது. மஜ்ஜை மாற்றுக்கு முன் தரும் வழக்கமான அளவு மருந்தும் இவர்களைக் கொன்றுவிடக் கூடும்.

டெலோமியர் நோய் வேறொரு வகை. குரோமோசோம்களின் நுனியில், ஷூ கயிற்றின் முனையில் உள்ள பிளாஸ்டிக் பூண் போன்ற பகுதி, பிறவியிலேயே குட்டையாக இருக்கும். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குச் சிறுவயதிலேயே தலை நரைத்திருக்கும், குடிக்காத இன்னொருவருக்குக் கல்லீரல் சுருங்கியிருக்கும், மற்றொருவர் நுரையீரல் தழும்பேறி மூச்சுத்திணறலில் இறந்திருப்பார்; தனித்தனியாகப் பார்த்தால் தொடர்பற்ற இந்த மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள். நகங்கள் சிதைதல், நாக்கில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் வலை போன்ற கருமை ஆகியவை சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆகவே மூன்று தலைமுறைக்குக் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து, யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள், யார் யாரைச் சொந்தத்தில் கட்டினார்கள் என்று குறியுங்கள். இதற்குப் பாட்டியைக் கேட்பதே சிறந்த வழி. எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் இல்லாததை அவர் சொல்வார்.

உடன்பிறந்த நோய்கள்

அப்ளாஸ்டிக் அனீமியாவின் நெருங்கிய உறவு, சிவப்பணுக்கள் ரத்த ஓட்டத்திலேயே உடையும் பிஎன்எச் என்ற நோய். எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிக்-ஏ என்ற மரபணு, வாழ்நாளின் இடையில் ஏதோ ஒரு மூல அணுவில் மட்டும் பழுதாகிறது; 1993-இல் இதைக் கண்டறிந்தார்கள். பிறவி நோயன்று, பிள்ளைகளுக்கும் போகாது. அந்த அணுவின் வழித்தோன்றல்களுக்கு மேற்பரப்பில் காப்புப் புரதங்கள் இராது. உடம்பின் தற்காப்பு மண்டலமே அவற்றை உடைத்துவிடுகிறது. காலையில் முதலில் போகும் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருத்தல், காரணமின்றி வயிற்றுவலி, கல்லீரலிலும் மூளையிலும் ரத்தநாளம் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை இதன் குறிகள். அப்ளாஸ்டிக் அனீமியா உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பிஎன்எச் அணுக்கள் சிறு அளவிலாவது இருக்கின்றன. இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு: அவை இருப்பது, நோய்க்குக் காரணம் எதிர்ப்பு சக்திதான், வாரிசு அன்று என்பதற்குச் சான்றாகிறது. ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனையில் இது தெரியும்.

எம்டிஎஸ் என்பது மற்றோர் உறவு. அதில் மஜ்ஜை அணுக்கள் கோணல்மாணலாக வளர்கின்றன; பொதுவாக மஜ்ஜை நிறைந்தே இருக்கும் என்றாலும், சிலருக்கு அது வெறுமையாகவும் இருந்து அப்ளாஸ்டிக் அனீமியா போல நடிக்கும். மஜ்ஜை அணுக்களின் குரோமோசோம் ஆய்வில் ஏழாம் குரோமோசோமில் ஒன்று காணாமல் போயிருந்தால் நிலைமை கவலைக்குரியது. சிகிச்சையில் தேறியவர்களில் சிலருக்கும் பல ஆண்டுகள் கழித்து எம்டிஎஸ் அல்லது ரத்தப் புற்றுநோய் வருவதுண்டு. சிவப்பணு மட்டும் நின்றுபோகும் தனிச் சோகை வேறு; அதன் பின்னால் பார்வோ வைரசோ, நெஞ்சுக்கூட்டிலுள்ள தைமஸ் கட்டியோ இருக்கலாம்.

தேடும் நாட்களில் செய்ய வேண்டியவையும் கூடாதவையும்

ஒரு காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பான். அவனைத் தட்டிக்கொடுத்து, அந்த ரத்தம் அண்ணனுக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளை மஜ்ஜை தரப்போவது அவனாக இருக்கலாம். அவனுடைய ரத்தம் முன்கூட்டியே உள்ளே போனால், அண்ணனின் உடம்பு அவனுக்கு எதிராகப் பழகிக்கொண்டு, பின்னர் மஜ்ஜையைத் தள்ளிவிடக் கூடும். அம்மா, அப்பா, சொந்தக்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும். ரத்த வங்கியில் பதிலுக்கு டோனர் கேட்டால் தம்பி தாராளமாகக் கொடுக்கலாம், அந்தப் பை வேறொரு நோயாளிக்குப் போகட்டும். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் சித்தி, மாமன் பிள்ளைகளிடமும் பொருத்தம் கிடைப்பதுண்டு. மஜ்ஜை தரும் உடன்பிறந்தவருக்கும் ஃபான்கோனி பரிசோதனை செய்தாக வேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியும் வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இடுப்பிலும் கையிலும் சதையில் ஊசி போட்டுக்கொள்வது, ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், பல் பிடுங்குவது ஆகியவை கூடாது. மென்மையான டூத்பிரஷ் போதும். வாட்ஸ்அப்பில் வரும் பப்பாளி இலைச் சாறு மஜ்ஜையை எழுப்பாது.

காரணம் தெரியும் வரை சிகிச்சையைத் தள்ளிவைப்பது பெரும்பிழை. மருந்தோ தின்னரோ காரணம் என்று தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும், ஆனால் நிறுத்தியதாலேயே மஜ்ஜை திரும்பிவிடும் என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடுமையான வகையில் இளம் வயதினருக்குப் பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் மஜ்ஜை மாற்று. இல்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஏடிஜி, சைக்ளோஸ்போரின், அவற்றோடு மஜ்ஜையைத் தூண்டும் எல்ட்ராம்போபேக் மாத்திரை. சிகிச்சையின் போக்கை மாற்றும் விடைகள் மிகச் சிலவே: பி12 குறைவா, மருந்தின் நேரடி விஷமா, வாரிசு நோயா, பிஎன்எச் இருக்கிறதா, எம்டிஎஸ்ஸா. இந்த ஐந்துக்கும் பரிசோதனை முடிந்திருந்தால், மற்ற சந்தேகங்களை மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பேசிக்கொள்ளலாம்.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அழைக்கும் ஸ்டான்லிக்குப் போனாலும், சென்ட்ரல் அருகே உள்ள ஜிஎச்சுக்குப் போனாலும், தனியாரிடம் போனாலும், கையில் ஒரே கோப்பு இருக்கட்டும். முதல் தாளில் தேதிவாரியாக ஹீமோகுளோபின், நியூட்ரோஃபில், தட்டணு எண்ணிக்கைகளும், ரத்தம் ஏற்றிய நாட்களும். இரண்டாம் தாளில் ஆறு மாத மருந்துப் பட்டியல். மூன்றாம் தாளில் வேலை விவரம். நான்காம் தாளில் குடும்ப மரம். மஜ்ஜைத் தகடுகளையும் எலும்புத் துண்டு பதிந்த மெழுகுக் கட்டியையும் பரிசோதனைக் கூடத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவர் பார்க்க விரும்பினால் இடுப்பில் மறுபடியும் குத்த வேண்டிய தேவை இராது. தேறிய பிறகும் பிஎன்எச் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பச் செய்து, அந்தத் தாளை அதே கோப்பில் வைத்துவிடுங்கள்.